பதில் போடாதவர்கள்

எங்கள் கல்லூரி ஒரகடம் சாலையில் இருக்கிறது. வேதியியல் துறை ஜன்னலைத் திறந்தால் கண்டெய்னர் லாரிகள் நிற்பது தெரியும். பகலில் எனக்கு வழக்கமான மாணவர்கள். மாலையில் இன்னொரு வகுப்பு உண்டு. காலை ஷிஃப்ட் முடித்துவிட்டு, கம்பெனி பஸ்ஸிலிருந்து நேராக வந்து உட்காரும் பெண்கள். கம்பெனியின் உற்பத்தி லைனில் வேலை பார்த்துக்கொண்டே பட்டப்படிப்புப் படிப்பவர்கள். பாதிக்கு மேல் தென்மாவட்டங்களிலிருந்து வந்து, சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு தனியார் ஹாஸ்டலில் தங்கியிருந்தார்கள். மற்றவர்கள் வல்லம் வடகால், சுங்குவார்சத்திரம் பக்கத்து உள்ளூர்ப் பெண்கள்.

வகுப்பில் கேள்வி கேட்பதற்கென்று கல்லூரி ஒரு ஆப் வாங்கியது, அது முதலில் வந்தது மாலை வகுப்புக்குத்தான். நான் ஒரு கேள்வியைத் திரையில் போடுவேன். அவர்கள் தங்கள் போனில் விடையைத் தொடுவார்கள். யார் எதைத் தொட்டார்கள் என்பது தெரியாமல், எந்த விடைக்கு எத்தனை பேர் என்பது மட்டும் வண்ணப் பட்டைகளாகத் திரையில் எழும்பும். ஓரத்தில் 'புரியவில்லை' என்று ஒரு பட்டன். பாடம் நடக்கும்போது எப்போது வேண்டுமானாலும் அதை அழுத்தலாம். அழுத்தியவர்களின் எண்ணிக்கை எல்லோர் கண்ணுக்கும் தெரியும்.

எனக்குப் பயமாக இருந்தது. அத்தனை வருஷம் "புரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு, தலைகள் ஆடுவதைப் பார்த்து அடுத்த பக்கத்துக்குப் போனவள் நான். இப்போது அந்தத் தலையாட்டல் எண்ணாக மாறி என் முதுகுக்குப் பின்னால் நிற்கும். துறைத் தலைவர் அறையிலும் அது தெரியும் என்று சொன்னார்கள். முதல் நாள் கரைசல்களின் செறிவு பற்றி நன்றாக விளக்கியதாக நினைத்துக்கொண்டு ஒரு கேள்வி போட்டேன். சரியான விடைக்கு எழும்பிய பட்டைதான் இருப்பதிலேயே குட்டையாக இருந்தது. காது மடல் சூடாகிவிட்டது. திரும்பி அவர்களைப் பார்க்கக் கொஞ்ச நேரம் ஆனது.

ஆனால் அந்தப் பயமே என் பாடம் நடத்தும் விதத்தை மாற்றியது என்று சொல்ல வேண்டும். பாடத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக உடைத்தேன். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கேள்வி. பட்டைகள் சிதறினால் நான் மறுபடி விளக்க மாட்டேன். "பக்கத்துல இருக்கவங்ககிட்ட பேசுங்க. நீ ஏன் அதைப் போட்டே, நான் ஏன் இதைப் போட்டேன்னு சொல்லுங்க" என்பேன். வகுப்பில் இரைச்சல் கிளம்பும். பிறகு அதே கேள்வியை மறுபடி போட்டால், சரியான பட்டை மெல்ல மெல்ல மேலே ஏறும். அதைப் பார்ப்பதற்காகவே நான் மாலை வகுப்புக்குச் சீக்கிரம் போக ஆரம்பித்தேன்.

பெயர் வராமல் இருக்க வேண்டும் என்று கேட்டது தென்காசிப் பக்கத்துப் பெண் ஒருத்தி. ஆரம்பத்தில் விடைக்குப் பக்கத்தில் பெயரும் வந்தது. பாதிப் பேர் தொடவே மாட்டார்கள். அவள்தான் எழுந்து நின்று கேட்டாள்.

"பேரு இல்லாம போட முடியாதா மேடம்? லைன்ல தப்பு நடந்தா பேரு போர்டுல ஏறிருது. இங்கயும் ஏறணுமா?"

அன்றே மாற்றச் சொல்லிவிட்டேன். அவள் மெதுவாக யோசிக்கிறவள். விடை போடுவதில் எப்போதும் கடைசி. ஆனால் போடாமல் இருந்ததில்லை.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டது. செம்பரம்பாக்கத்தில் தண்ணீர் திறக்கப்போகிறார்கள் என்று போனில் செய்தி மேல் செய்தி வந்தது. எது நிஜம், எது பழைய வருஷத்துப் படம் என்று தெரியவில்லை. கல்லூரிக்கு விடுமுறை விட்டார்கள். கம்பெனிகளுக்கு விடவில்லை. பெண்கள் நனைந்துகொண்டே ஷிஃப்ட் போய்விட்டு வந்தார்கள். தேர்வு நெருங்கியதால், "ஆன்லைன்ல கிளாஸ் வைங்க மேடம்" என்று அவர்களே வாட்ஸ்அப் குழுவில் எழுதினார்கள். ஸ்ரீபெரும்புதூரில் என் ஃபிளாட்டிலிருந்து நடத்தினேன். ஹாஸ்டலில் கரண்ட் இல்லை, ஆனால் ஜெனரேட்டர் ஓடுகிறது, வைஃபை இருக்கிறது என்றார்கள்.

மழையால் வெளிச்சம் சீக்கிரமே மங்கிப்போன மாலை அது. எல்லோரும் வீடியோவை அணைத்து வைத்திருந்தார்கள். திரையில் பெயர்கள் மட்டும். முந்தைய வகுப்பில் நடத்தியதிலிருந்து ஒரு சுலபமான கேள்வியோடு ஆரம்பித்தேன். எல்லோரும் சரியாகப் போட்டு, ஒரு தைரியத்தோடு பாடத்துக்குள் வரட்டும் என்றுதான்.

பட்டைகள் எழும்பின. நான்கும் ஏறக்குறைய ஒரே உயரம். கண்ணை மூடிக்கொண்டு தொட்டதுபோல் இருந்தது.

கேள்வியில்தான் ஏதோ தப்பு என்று நினைத்து மறுபடி படித்துப் பார்த்தேன். தப்பு இல்லை. அதைவிட எளிதாக ஒன்று போட்டேன். உப்புக் கரைசலில் தண்ணீர் சேர்த்தால் செறிவு கூடுமா, குறையுமா? சமையலறையில் நிற்கும் யாருக்கும் தெரிந்த விஷயம். விடைகள் சொட்டுச் சொட்டாக வந்தன. பாதிப் பேர் 'கூடும்' என்று போட்டிருந்தார்கள். 'புரியவில்லை' எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. நான் ஒன்றுமே நடத்தாதபோது எதற்கு 'புரியவில்லை'?

அப்போது ஆப்பின் செய்திப் பெட்டியில் பெயரில்லாமல் ஒரு வரி வந்தது. "தலை வலிக்குது மேடம்."

அதற்குக் கீழே, "எனக்கும்."

பிறகு, "வாந்தி வர மாதிரி இருக்கு." யாரோ ஒரு சிரிக்கும் முகத்தைப் போட்டார்கள்.

"மழையில நனைஞ்சிட்டு வந்திருக்கீங்க. வேணும்னா இன்னைக்கு சீக்கிரம் முடிச்சிடலாமா?" என்று கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் என் குரல் எனக்கே சரியாகப் படவில்லை. ஒரே நேரத்தில் இத்தனை பேருக்கு ஏன் தலை வலிக்க வேண்டும்?

"யாராவது மைக் ஆன் பண்ணிப் பேசுங்கம்மா. யாருக்கெல்லாம் இப்படி இருக்கு?"

உள்ளூர்ப் பெண் ஒருத்தி பேசினாள். அவள் அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர் என்பது எனக்குத் தெரியும். மழைக் காலத்தில் அவர்தான் அவளைக் கல்லூரியில் இறக்கிவிடுவார். "எனக்கு ஒண்ணும் இல்ல மேடம். நான் எங்க வூட்ல கீறேன்."

வீட்டில் இருக்கிறவளுக்கு ஒன்றும் இல்லை. அவசரமாக ஒரு கேள்வி தயார் செய்தேன். விரல்கள் தப்பான எழுத்துகளையே தொட்டன. நான்கு விடைகள் வைத்தேன். ஹாஸ்டலில் இருக்கிறேன், தலைவலி உண்டு. ஹாஸ்டலில் இருக்கிறேன், தலைவலி இல்லை. வீட்டில் இருக்கிறேன், தலைவலி உண்டு. வீட்டில் இருக்கிறேன், தலைவலி இல்லை.

"இதை மட்டும் போடுங்க. தயவுசெஞ்சு எல்லாரும் போடுங்க."

முதல் பட்டையும் கடைசிப் பட்டையும் மட்டும் எழும்பின. நடுவில் இருந்த இரண்டும் தரையிலேயே கிடந்தன. அவ்வளவு சுத்தமான முடிவை நான் எந்தப் பரிசோதனைக் கூடத்திலும் பார்த்ததில்லை. பார்த்த கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

"ஜெனரேட்டர் எங்க இருக்கு?"

ஹாஸ்டல் பெண் ஒருத்தியின் குரல், தூக்கத்திலிருந்து எழுந்தவள்போல் இழுத்து இழுத்து வந்தது. "கீழ... வண்டி நிறுத்துத எடத்துல மேடம். வெளியதான் இருக்கும். தெருவுல தண்ணி ஏறுதுன்னு உள்ள கொண்டாந்துட்டாவ. சாரல் அடிக்குன்னு ஷட்டரையும் எறக்கிட்டாவ."

கார்பன் மோனாக்சைடு. வகுப்பில் எத்தனையோ தடவை சாக்பீஸால் எழுதிய பெயர். நிறம் கிடையாது, வாசனை கிடையாது என்று மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்த பெயர். மழைக்குப் பயந்து ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு, படிக்கட்டு வழியாக மேலே ஏறிவரும் அந்த வாயுவுக்கு நடுவில், அவர்கள் எனக்காகப் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"எல்லாரும் உடனே ஜன்னலைத் திறங்க. மழை அடிச்சாலும் பரவாயில்ல. அப்புறம் மொட்டை மாடிக்குப் போங்க. கீழ போகாதீங்க."

"மொட்டை மாடி பூட்டியிருக்கும் மேடம்" என்றாள் அவள். "சாவி வார்டன் அக்காட்ட இருக்கு. அவங்க வெளிய போயிருக்காங்க."

மேலே பூட்டு. கீழே புகை. ஜன்னல்களில் கம்பி. "அப்போ ஜன்னல்கிட்ட போங்க. கம்பிகிட்ட முகத்தை வெச்சுக்குங்க. பக்கத்துல இருக்கவங்களையும் இழுத்துக்கிட்டுப் போங்க. தூங்க மட்டும் கூடாது" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். எத்தனை பேர் கேட்டார்கள் என்று தெரியவில்லை. திரையில் பெயர்கள் அசையாமல் நின்றன.

வார்டன் போனை எடுக்கவில்லை. நூற்றெட்டுக்கு அடித்தேன். முகவரி கேட்டார்கள். எனக்கு ஹாஸ்டலின் பெயர் மட்டும்தான் தெரியும். எந்தத் தெரு, எந்தக் கடைக்குப் பக்கம், ஒன்றும் தெரியவில்லை. இரண்டு வருஷமாகப் பாடம் நடத்துகிறேன், அவர்கள் எங்கே தூங்குகிறார்கள் என்று தெரியாது. அப்போது லேப்டாப்பிலிருந்து உள்ளூர்ப் பெண்ணின் குரல் குறுக்கிட்டது.

"மேடம், அந்த ஹாஸ்டலு எங்க வூட்டாண்டதான். அப்பா மழைன்னு வண்டி எடுக்காம இருக்காரு. அனுப்பவா?"

"அப்பாகிட்ட போனைக் குடும்மா."

அவர் குரலில் தூக்கக் கலக்கம் இருந்தது. "இன்னா மேடம், சொல்லுங்கோ."

சொன்னேன். என்ன வாயு, ஏன் என்றெல்லாம் விளக்கவில்லை. "ஷட்டரைத் தூக்குங்க. முழுசாத் தூக்குங்க. காத்து போகட்டும். மூச்சை அடக்கிக்கிட்டுப் போய் மெஷினை நிறுத்திட்டு உடனே வெளிய வந்துடுங்க. தெருவுல இருக்கவங்களைக் கூப்பிட்டுக்குங்க. நீங்க தனியா மேல ஏறாதீங்க."

"சரி மேடம். தோ கெளம்பிட்டேன்."

அவரையும் நான் அந்த வாயுவுக்குள் அனுப்புகிறேன் என்பது அவர் கிளம்பிப்போன பிறகுதான் உறைத்தது. அவர் மகள் இன்னும் திரையில் இருந்தாள். மறுபடியும் நூற்றெட்டுக்கு அடித்து, அவளையே இடம் சொல்லச் சொன்னேன். தெளிவாகச் சொன்னாள்.

அதன் பிறகு நடந்ததுதான் இன்றைக்கும் கனவில் வருகிறது. திரையில் ஒரு பெயர் மறைந்தது. இன்னொன்று. பிறகு மளமளவென்று ஹாஸ்டல் பெயர்கள் எல்லாம் மறைந்தன. வீட்டில் இருந்த சிலர் மட்டும் மிஞ்சினார்கள். மெஷினை நிறுத்தியதால் வைஃபை போயிருக்க வேண்டும் என்று புத்தி சொன்னது. மனசு வேறு சொன்னது. ஒவ்வொருவருக்கும் போன் அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சிலருடையது தொடர்பு எல்லைக்கு வெளியே. உள்ளூர்ப் பெண்ணும் அழ ஆரம்பித்துவிட்டாள். "அப்பா எடுக்கல மேடம்." எடுப்பார் என்று சொன்னேன். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஜன்னலுக்கு வெளியே மழை சரம் சரமாகக் கொட்டிக்கொண்டிருந்தது. நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி, அசையாத திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அவர்தான் அழைத்தார். மூச்சு வாங்கியது. "நிறுத்தியாச்சு மேடம். ஷட்டரு தூக்கியாச்சு. டீக்கடை ஆளுங்கல்லாம் வந்துட்டாங்கோ. பொண்ணுங்க எறங்கி வந்துனு கீறாங்கோ. நாலஞ்சு பேரு வாந்தி எடுக்கறாங்கோ."

"எல்லாரும் வந்துட்டாங்களா? யாரையும் விட்டுடாதீங்க. ரூம் ரூமாப் பாக்கச் சொல்லுங்க."

போனை அணைக்காமல் பையில் போட்டுக்கொண்டு அவர் மாடி ஏறினார் போலிருக்கிறது. காலடிச் சத்தம், கதவு தட்டும் சத்தம், பெண்களின் அழுகை எல்லாம் கலந்து கேட்டது. பிறகு ஒரு பெண் கத்தும் குரல். "ஏட்டி, எந்திரிட்டி. முழிக்க மாட்டேங்காளே."

எழாமல் கிடந்தது பெயர் வேண்டாம் என்று கேட்ட அந்தத் தென்காசிப் பக்கத்துப் பெண். மேல் கட்டிலில் படுத்தபடி வகுப்பைக் கவனித்திருக்கிறாள். மற்றவர்கள் ஜன்னலுக்கு ஓடியபோது அவள் தூங்குகிறாள் என்று நினைத்திருக்கிறார்கள். அவர்களுக்கும் அப்போது தலை சுற்றிக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸ் தண்ணீர் தேங்கிய சாலையில் சுற்றிக்கொண்டு வந்தது. அதற்காகக் காத்திருக்காமல் அவர் அவளைத் தன் ஆட்டோவிலேயே போட்டுக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டார்.

நான் குடையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். முழங்கால் வரை தண்ணீர். எந்த இடத்தில் சாக்கடை திறந்திருக்கிறது என்று தெரியாமல் காலை வைத்து வைத்துப் பார்த்து நடந்தேன். அவளுக்கு ஆக்சிஜன் முகமூடி போட்டிருந்தார்கள். கன்னம் ரோஜா நிறத்தில் இருந்தது. பார்க்கிறவர்கள் ஆரோக்கியமாக இருக்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். அது அந்த வாயு ரத்தத்தில் ஏறினால் வரும் நிறம் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

மற்ற பெண்கள் வராந்தாவில் ஈர நைட்டியோடு உட்கார்ந்திருந்தார்கள். வார்டன் தாமதமாக வந்து சேர்ந்தார். என்னைவிடச் சின்னவர். என் கையைப் பிடித்துக்கொண்டு, "புள்ளைங்களுக்கு கிளாஸ் இருக்கே, நெட்டு போயிடுமேன்னுதான் ஓட்டச் சொன்னேன் மேடம்" என்று அழுதார். அவரைத் திட்ட வேண்டும் என்றுதான் இருந்தேன், பிடித்த கையோடு பெஞ்சில் உட்கார வைத்தேன்.

மறுநாள் காலை தென்காசிப் பெண் கண் திறந்தாள். டாக்டர் பெயர் கேட்டார். சொன்னாள். எந்த ஊர் என்று கேட்டார். அதையும் சொன்னாள். முந்தைய நாள் ஷிஃப்டுக்குப் போனது மட்டும் நினைவில் இல்லை. நான் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அவளுடைய அப்பா ஊரிலிருந்து வந்து அழைத்துக்கொண்டு போனார். மருந்துச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "படிப்ப விட வேண்டாம்னுதான் சொல்லுதா. பாப்போம்" என்றார்.

அந்த ஹாஸ்டலில் ஜெனரேட்டரை மொட்டை மாடிக்கு ஏற்றினார்கள், மாடிக் கதவுக்குப் பூட்டு போடுவதை நிறுத்தினார்கள். அதை நானே போய்ப் பார்த்தேன். நம்பிக்கை இல்லாமல் இன்னொரு தடவையும் போய்ப் பார்த்தேன்.

சில வாரங்கள் கழித்துக் கல்லூரிக்கு ஆய்வுக் குழு வந்தது. புதிய தொழில்நுட்பம் பாடம் நடத்துவதை எப்படி மேம்படுத்தியது என்று காட்ட, அந்த மாலையின் பட்டைகளைத் திரையில் போடச் சொன்னார் துறைத் தலைவர். "இதைவிடப் பெரிய உதாரணம் வேணுமா மேடம்?" என்றார். போட்டேன். இரண்டு உயரமான பட்டைகள், நடுவில் வெறுமை. குழுவில் ஒரு பெரியவர், "அப்போ இந்தக் கருவிதான் எல்லாரையும் காப்பாத்திச்சு" என்றார்.

"இல்ல சார்" என்றேன். "எனக்குத் தெரிய வெச்சது இதுதான். அதை மறுக்கல. ஆனா ரொம்ப மோசமா இருந்த பொண்ணு இதுல எந்தப் பட்டையிலயும் இல்ல. அவ எதையும் தொடல. தொட முடிஞ்சவங்களைத்தான் இது எண்ணிச்சு. வந்திருந்தவங்க எத்தனை, போட்டவங்க எத்தனைன்னு நான் அன்னைக்குக் கழிச்சுப் பாக்கல. பாக்கணும்னு தோணல."

அவர் ஏதோ குறித்துக்கொண்டார். துறைத் தலைவர் அடுத்த படத்துக்குப் போனார். அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை.

வகுப்புகள் மறுபடி கல்லூரியிலேயே நடந்தன. ஆனால் கேள்வி போடவே எனக்குப் பயம் வந்துவிட்டது. பட்டைகள் எழும்பும்போது நான் அவற்றைப் பார்ப்பதில்லை. மூலையில் சின்னதாக வரும் இன்னொரு எண்ணைப் பார்ப்பேன். இன்னும் விடை போடாதவர்கள் எத்தனை பேர். அது பூஜ்யமாகும்வரை அடுத்த வரிக்குப் போக மாட்டேன். பெஞ்சுகளுக்கு நடுவில் நடந்து ஒவ்வொரு முகமாகப் பார்ப்பேன். "மேடம் எக்ஸாம் ஹால்ல சுத்துற மாதிரி சுத்துறாங்க" என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். சுற்றினேன். பேட்டரி தீர்ந்த போன்கள், ஓவர்டைம் பார்த்துவிட்டு வந்து தலை கவிழ்ந்தவர்கள், கேள்வியே புரியாமல் பக்கத்தில் எட்டிப் பார்த்தவர்கள் என்று ஒவ்வொருவராகக் கண்ணில் பட்டார்கள். முன்பெல்லாம் அந்த எண்ணை நான் கவனித்ததே இல்லை.

பொங்கல் முடிந்து தென்காசிப் பெண் திரும்பி வந்தாள். கொஞ்சம் மெலிந்திருந்தாள். வேறு ஹாஸ்டல் பார்த்துச் சேர்த்துவிட்டு அவள் அப்பா ஊருக்குப் போனதாகச் சொன்னாள். அன்று கேள்வி போட்டேன். பட்டைகள் எழுந்து நின்றன. மூலையில் ஒன்று மட்டும் பாக்கி. அது அசையவே இல்லை. என் கண் நேராக அவளிடம்தான் போனது. போனை மேஜைமேல் வைத்துக்கொண்டு அவள் குனிந்திருந்தாள். நான் வேகமாக அவளிடம் போனேன். என் நிழல் விழுந்ததும் நிமிர்ந்தாள்.

"என்னம்மா, என்ன செய்யுது?"

அவள் என் முகத்தைப் பார்த்துத் திகைத்தாள்.

"ஒண்ணும் செய்யல மேடம். யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சரி, யோசி என்றேன். என்னால் அங்கிருந்து நகர முடியவில்லை. அவள் பக்கத்திலேயே நின்றேன். பேனாவின் பின்பக்கத்தைக் கடித்துக்கொண்டு, காகிதத்தில் ஒரு கணக்கைப் போட்டு, அடித்து, மறுபடி போட்டாள். அவசரமே படவில்லை.